நடைபாதை யாருக்கு உரியது?

துவிச்சக்கரவண்டியில் செல்வோர் நடைபாதையைப் பாதசாரிகளோடு பகிர்ந்துகொள்ள அனுமதிக்கலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோருக்கு நகரசபைக் கூட்டமொன்றின் கடைசி அரைமணி நேரத்திலே தீர்த்துவிடக்கூடிய சில்லறை விடயமாகத் தோன்றலாம். பொருளாதார நெருக்கடியும் வேலையின்மையும் இனப்பிரச்சினையும் பேசப்பட வேண்டிய ஏட்டிலே, ஆறடி அகலமுள்ள கற்பாதை ஒன்றைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்போரும் உளர். ஆயின், ஒரு சமூகம் தன்னுள்ளே வலியோருக்கும் மெலியோருக்குமிடையிலான உறவை எவ்வாறு ஒழுங்குசெய்துள்ளது என்பதை அறிய விரும்புபவர், அதன் அரசியலமைப்பை விரித்துப் படிப்பதற்கு முன்னர் அதன் வீதியோரம் ஒன்றிலே ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது நன்று. லொறிக்குப் பஸ்வண்டி வழிவிடுவதில்லை. பஸ்வண்டிக்கு முச்சக்கரவண்டி ஒதுங்குகின்றது. முச்சக்கரவண்டிக்குத் துவிச்சக்கரவண்டி ஒதுங்குகின்றது. இந்த ஒதுங்கலின் இறுதியிலே நிற்பவர் பாதசாரி. அவர் ஒதுங்குவதற்கு மதிலும் வடிகாலுமே எஞ்சுகின்றன.

'பாதசாரி' என்னும் சொல் பாதத்தினால் இயங்குபவரைக் குறிப்பது. 'நடைபாதை' என்பதிலோ நடை என்பது பெயரிலேயே அமைந்துள்ளது. பெயர் மட்டுமே ஓர் உரிமையை நிலைநாட்டிவிடாது என்பது உண்மையே. எனினும் நடைபாதையின் இயல்பு யாதென்பதை இச்சொல் ஓரளவு உணர்த்துகின்றது. நடைபாதை என்பது வெறுமனே வாகனங்கள் ஏறாத இடமன்று. பின்னால் என்ன வருகின்றது என்று திரும்பிப் பார்க்க வேண்டாத இடம் அது. கைக்குழந்தையோடு செல்லும் தாய், அடி எடுத்துவைக்கப் பழகும் பிள்ளை, செவிப்புலன் குன்றிய முதியவர், வெண்பிரம்பு கொண்டு தட்டிச் செல்லும் பார்வையற்றவர் ஆகியோர்க்கு வீடு தவிர்ந்த வெளியிலே பாதுகாப்பான இடம் ஒன்று உண்டெனில் அஃது இதுவே. யோசித்துக்கொண்டே நடப்பதற்கும், நின்று ஒருவரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்கும் உரிய இடமும் இதுவே.

இவ்விடத்திலே துவிச்சக்கரவண்டி புகுமிடத்து நிகழ்வது யாது? மனிதர் நடக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர். அவசரமின்றி மிதிப்பவர்கூட மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்வார். வேகம் மூன்று மடங்காகும்போது, ஒரே திணிவுள்ள பொருளின் மோதுகைச் சக்தி ஒன்பது மடங்காகின்றது என்பது பௌதிகவியலின் பாலபாடம். அதனை மெதுவாகச் செலுத்தும்படி விதிக்கலாமே எனின், துவிச்சக்கரவண்டி மெதுவாகச் செல்லச் செல்லத் தள்ளாடுவது. நடைவேகத்திலே செலுத்தப்படும்போது நேராகச் செல்லும் வண்டியைக் காட்டிலும் அகலமான இடத்தை அது வேண்டி நிற்கின்றது. மோட்டார் வண்டியாயின் வருமுன்னரே ஒலியெழுப்பி எச்சரிக்கும். துவிச்சக்கரவண்டி ஓசையின்றி வருகின்றது. மணியடித்தால் போதுமே என்று சிலர் கூறுவர். முதுகின் பின்னால் திடீரென மணியோசை கேட்ட முதியவர் எப்பக்கம் ஒதுங்குவார் என்பதை அவரே அறியார். அன்றியும், மணியடிப்பது ஒரு கட்டளை. 'விலகு' என்பதே அதன் பொருள். நடைபாதையிலே அக்கட்டளையைப் பிறப்பிக்கும் உரிமையை எவருக்கேனும் வழங்கியபின் அது நடைபாதை என்று பெயர்பெறுதல் பொருந்துமா?

இவ்வினாவை முதன்முதலிற் சட்டத்தினால் எதிர்கொண்ட நாடுகளுள் இங்கிலாந்தும் ஒன்று. 1835 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், நடப்போருக்கென ஒதுக்கப்பட்ட வீதியோரப் பாதையிலே விலங்குகளையும் வண்டிகளையும் செலுத்துவதைக் குற்றமாக்கியது. மிதித்துச் செலுத்தும் சைக்கிள் அக்காலத்திலே புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. குதிரைவண்டிக்காரரையும் மந்தை ஓட்டிச் செல்வோரையும் மனத்திற் கொண்டே அவ்விதி எழுதப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்து, 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கரவண்டியும் ஒரு 'வண்டியே' எனப் பிரகடனம் செய்தது. அதனால் வீதியிலே செல்லும் உரிமையும் நடைபாதையிலே செல்லலாகாது என்னும் தடையும் அதற்கு ஒருங்கே வாய்த்தன. உரிமையும் தடையும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக வந்தமை மனங்கொள்ளத்தக்கது. 'நீ வண்டி, ஆகையால் வீதி உனக்கும் உரியது' என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

ஆயினும் அவ்வீதி பின்னர் மோட்டார் வண்டிகளின் ஆட்சிக்குட்பட்டது. 1999 ஆம் ஆண்டு, நடைபாதையிற் சைக்கிள் செலுத்துவோருக்குப் பொலிசார் அவ்விடத்திலேயே தண்டம் விதிக்கும் முறை அங்கே அறிமுகமாயிற்று. அவ்வேளை உள்நாட்டு அமைச்சைச் சேர்ந்த அமைச்சரான போல் போட்டெங் ஒரு விளக்கம் அளித்தார். போக்குவரத்துக்கு அஞ்சி நடைபாதையை நாடி, நடப்போரிடம் கரிசனையோடு நடந்துகொள்ளும் பொறுப்புள்ள சைக்கிளோட்டிகள் மீது இத்தண்டம் குறிவைக்கப்படவில்லை என்பதும், பொலிசார் தமது தற்றுணிபை, சிறப்பாகச் சிறுவர் விடயத்திலே, கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுமே அதன் சாரம். சட்டம் தடைசெய்கின்றது, அமைச்சர் கண்டும் காணாமலும் விடும்படி கூறுகின்றார். இதனை நழுவல் என்று இகழ்வதும் எளிது, விவேகம் என்று புகழ்வதும் எளிது. வீதியைப் பாதுகாப்பானதாக்கும் பொறுப்பை அரசு நிறைவேற்றவில்லை என்பதற்கு அரசே வழங்கிய ஒப்புதல் வாக்குமூலம் என்று இதனைக் கொள்வதே பொருத்தமானது.

இங்கிலாந்து தயங்கி நின்ற இடத்திலே யப்பான் துணிந்து காலெடுத்து வைத்தது. ஆகையால் அதன் அனுபவமே இவ்வினாவுக்கு மிக விரிவான விடையைத் தருகின்றது.

1970 ஆம் ஆண்டிலே யப்பானிய வீதி விபத்துக்களிலே மாண்டோர் தொகை 16,765. அந்நாட்டின் வரலாற்றிலே ஓராண்டுக்குரிய மிக உயர்ந்த தொகை இதுவாகும். 'போக்குவரத்து யுத்தம்' என்றே பத்திரிகைகள் அதனை வருணித்தன. கைத்தொழில் வளர்ச்சி மோட்டார் வண்டிகளைக் குவித்தது. வீதிகளோ அவற்றை ஏற்கும் நிலையில் இல்லை. அவ்வாண்டிலேயே வீதிப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, குறித்த சில நடைபாதைகளிலே துவிச்சக்கரவண்டிகள் செல்ல அனுமதிக்கப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வனுமதியை மேலும் ஒழுங்குபடுத்தியது. அகலம் 60 சென்ரிமீற்றருக்கும் நீளம் 190 சென்ரிமீற்றருக்கும் மேற்படாத 'சாதாரண' வண்டிகள், குறியீட்டுப் பலகை நாட்டப்பட்ட நடைபாதைகளிலே, வீதிப்பக்கமாக, உடனே நிறுத்தக்கூடிய வேகத்திற் செல்லலாம். நடப்போருக்கு இடையூறு நேருமாயின் நின்றுவிட வேண்டும் என விதிக்கப்பட்டது.

எழுத்திலே இவ்விதிகள் குறைகூற முடியாதவை. நடப்பில் நேர்ந்ததோ வேறு. ஓர் இடர்க்காலத்திற்கெனச் செய்யப்பட்ட ஏற்பாடு ஒரு தலைமுறையின் வழக்கமாயிற்று. யப்பானியத் தாய்மார் முன்னும் பின்னும் பிள்ளைகளை இருத்திக் கடைத்தெருவுக்கும் பாலர் பாடசாலைக்கும் செலுத்தும் கனத்த வண்டிக்கு 'மாமாச்சரி' என்று ஒரு செல்லப்பெயருண்டு. 'அம்மாவின் சைக்கிள்' என்று அதனைத் தமிழிற் கூறலாம். அவ்வண்டி வீதிக்கென உருவானதன்று, நடைபாதைக்கென உருவானது. துவிச்சக்கரவண்டி சட்டப்படி ஒரு வாகனம் என்பதையே பலர் மறந்தனர். பலகை நாட்டப்படாத நடைபாதைகளிலும் அது சென்றது. நடப்போரைப் பார்த்து மணியடிப்பதும் வழக்கமாயிற்று.

இதைவிடப் பாரதூரமான விளைவு ஒன்றுண்டு. அது நடைபாதையிலே அன்றி வீதியிலேயே நிகழ்ந்தது. சைக்கிளோட்டிகள் வீதியை விட்டகன்றமையால், வீதியை அமைப்போர் அவர்களைக் கணக்கிலெடுக்க வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. எனவே அவ்வீதிகள் மோட்டார் வண்டிகளுக்கே முற்றிலும் உரியனவாயின. சைக்கிளோட்டிக்கு மீண்டும் வீதிக்கு இறங்குவது முன்னரிலும் அச்சந்தருவதாயிற்று. நடைபாதை அடைக்கலமாகத் தொடங்கி ஒதுக்கிடமாக முடிந்தது.

2007 இல் நிறைவேறி 2008 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 13 வயதுக்குட்பட்டோர், 70 வயதை எட்டியோர், உடற்குறைபாடுடையோர் ஆகியோர்க்கு எந்நடைபாதையிலும் செல்ல இடமளித்தது. வீதியின் நிலைமை காரணமாக வேறு வழியில்லாதவிடத்து ஏனையோர்க்கும் இடமளித்தது. ஆயின் 2011 இலே தேசிய பொலிஸ் முகவரகம், துவிச்சக்கரவண்டி ஒரு வாகனமே, அதற்குரிய இடம் வீதியே என்பதை மீண்டும் வலியுறுத்தி, 3 மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள நடைபாதைகளுக்கு வழங்கப்பட்ட அனுமதியை மீளாய்வு செய்யுமாறு பணித்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் மேலேற்றிய வண்டியைக் கீழிறக்க எடுத்த முயற்சி இது. முயற்சி எளிதாகவில்லை. 16 வயதும் அதற்கு மேற்பட்டோருமான சைக்கிளோட்டிகளுக்கு உடனடித் தண்டம் விதிக்கும் முறைக்கு 2024 இன் சட்டத்திருத்தம் வழிசெய்தது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் முதலாந் திகதி குறிக்கப்பட்டது.

துவிச்சக்கரவண்டியினால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று புன்முறுவல் பூப்போர், கோபே மாவட்ட நீதிமன்றம் 2013 இல் வழங்கிய தீர்ப்பைக் கவனித்தல் வேண்டும். 2008 ஆம் ஆண்டு, இரவுவேளையிலே, 11 வயதுச் சிறுவன் ஒருவன் செலுத்திவந்த சைக்கிள் நடந்துசென்ற பெண்ணொருவர் மீது மோதியது. அறுபது வயதைக் கடந்திருந்த அப்பெண் நினைவு மீளாத நிலையை அடைந்தார். சிறுவனின் தாய் 95 மில்லியன் யென்னுக்கு மேற்பட்ட நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விபத்து நடைபாதை பற்றிய வழக்கன்று. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடையே மோதல் நேருமாயின் அதன் பாரம் எத்தகையது என்பதற்கே அது சான்று. 2015 இலே கோபே நகரை உள்ளடக்கிய ஹியோகோ மாகாணம், சைக்கிளோட்டிகள் காப்புறுதி பெற்றிருத்தலைக் கட்டாயமாக்கிற்று.

யப்பானைப் போன்றே, 1970களின் தொடக்கத்தில் ஒல்லாந்தும் ஆண்டொன்றுக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை வீதிகளிலே பறிகொடுத்தது. அவர்களுட் பல நூற்றுவர் சிறுவர்கள். அங்கே பெற்றோர் வீதிக்கிறங்கி, 'சிறுவர் கொலையை நிறுத்துக' என்னும் கோஷத்தையே பெயராகக் கொண்ட இயக்கத்தை நடத்தினர். அதன்பின் ஒல்லாந்தர் தனியான சைக்கிற்பாதைகளைப் பெருக்கினர். அவற்றுக்கு வேண்டிய நிலத்தைப் பெரும்பாலும் மோட்டார் வண்டியின் பங்கிலிருந்தே எடுத்தனர். ஒரே நோய்க்கு இரு நாடுகள் இருவகை மருந்தை நாடின. ஒன்று நடப்பவரின் பாத்திரத்திலிருந்து எடுத்துச் சைக்கிளோட்டிக்குப் பகிர்ந்தது. மற்றது நிறையப் பெற்றிருந்தவரின் பாத்திரத்திலே கைவைத்தது.

இந்த வேறுபாட்டை மனத்திருத்தி யாழ்ப்பாணத்தை நோக்குதல் வேண்டும். ஈழத்தமிழர் வாழ்விலே துவிச்சக்கரவண்டி பெற்ற இடத்தைப் பிற வாகனம் எதுவும் பெற்றதில்லை. ஆசிரியரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் அதிலேயே சென்றனர். உள்ளூராட்சி சபைக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தித் தகடு பெற்ற காலமும், விளக்கில்லாமற் சென்றமைக்கும் 'டபிள்' ஏற்றிச் சென்றமைக்கும் நீதிமன்றிலே தண்டம் கட்டிய காலமும் முதியோர் நினைவில் உள்ளன. 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரின்போது எரிபொருள் தடைசெய்யப்பட, ஐந்தாண்டுக் காலம் குடாநாட்டையே சைக்கிள்கள் சுமந்தன. விறகு, நெல்மூடை, நோயாளி யாவும் அதிலேயே சென்றன. மின்சாரமற்ற இரவுகளிலே சில்லைச் சுழற்றி, டைனமோவின் வலுவில் வானொலிச் செய்தி கேட்டனர். 1995 ஒக்ரோபர் 30 இலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், வீட்டிலே எஞ்சியவற்றுள் எடுத்துச் செல்லக்கூடியவை கரியரிலும் கைபிடியிலும் தொங்கின. அன்று பெரும்பாலோர் வண்டியில் ஏறவில்லை. நெரிசலிலே உருட்டியே சென்றனர்.

அக்காலத்திலே நடைபாதையைப் பகிர்வது பற்றிய வினாவே எழவில்லை. வீதி முழுவதும் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் உரியதாயிருந்தது. போர் 2009 இல் முடிந்தபின் வீதிகள் அகலிக்கப்பட்டுக் காப்பெற் இடப்பட்டன. தவணைக் கடனிலே மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகின. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி மறைந்துபோன சைக்கிளைச் சில மாதங்கள் மீட்டுத் தந்தது; கொழும்பிலே காற்சட்டை மடிப்புக் குலையாத உத்தியோகத்தரும் மிதித்துச் சென்றனர். எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் அவர்களிற் பலர் பழைய வாகனத்துக்கே மீண்டனர். மீளாதோர் யாவர்? வேறு வாகனம் வாங்க வசதியற்றோரும் பாடசாலைப் பிள்ளைகளுமே. பலாலி வீதியிலே காலை ஏழு மணியளவில், வெள்ளைச் சீருடையிலே, தனியார் பஸ்வண்டிக்கும் வீதியோரத்து மணலுக்குமிடையே தப்பிச் செல்லும் மாணவியை 'நடைபாதையில் ஏறாதே' என்று தடுப்பதற்கு மனம் துணியாது. அவள் அஞ்சுவது கற்பனைக்கன்று.

ஆயின் அவள் ஏற வேண்டிய நடைபாதைதான் எது? பல இடங்களிலே அது வடிகாலை மூடிய கொங்கிறீற் பலகைகளே. ஒரு பலகை உடைந்திருக்கும், அடுத்தது ஆடும். அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கும். கடையின் பிளாஸ்ரிக் வாளிகள் அடுக்கப்பட்டிருக்கும். நடுவிலே மின்கம்பம் நிற்கும். இத்தனைக்கும் எஞ்சிய ஓரடி இடத்திலே நடப்போருட் போரிலே காலிழந்தோரும் உளர் என்பதை வடபுலத்திலே எவரும் மறக்கலாகாது. செயற்கைக்காலோடு நடப்பவர் பக்கவாட்டிலே சட்டென ஒதுங்க வல்லவரல்லர். அவருக்கு ஓர் உரசலே வீழ்ச்சியாகும். கையினால் இயக்கும் முச்சில்லு வண்டியில் செல்பவரோ, நடைபாதையில் ஏறச் சாய்தளம் இன்மையால், லொறிகளோடு வீதியிலேயே செல்கின்றார். சில்லுள்ளவர்களுட் பாதையிலே இடம்பெற முதல் உரித்துடையவர் அவர். அவரை வீதியிலே விட்டுவிட்டு, உடல்வலுவுள்ள இளைஞருக்கு நடைபாதையைத் திறந்துவிடுவது எவ்வகை நீதி?

பல்கலைக்கழக மாணவர் பலர் இவ்விடத்திலே முகஞ்சுளிக்கலாம். திருநெல்வேலிச் சந்தியிலே நெரிசல் கண்டதும் நடைபாதைக்குத் தாவுவோருள் அவர்களும் அடங்குவர். வர்க்க சமத்துவம் பற்றி விரிவுரை மண்டபத்திலே வாதிட்டுவிட்டு வந்த களைப்பிலே, மரக்கறிப் பையோடு வரும் மூதாட்டியை மணியடித்து விலக்குவதிலே முரண்பாடு எதுவும் அவர்களுக்குத் தென்படுவதில்லை.

எனவே முற்றான தடையும் முற்றான அனுமதியும் ஒருங்கே பிழையானவை. சிறுவருக்கும் மூப்படைந்தோருக்கும் நடைவேகத்திலே செல்ல இடமளிக்கலாம். நடப்போர் அரிதாகவும் வாகன வேகம் மிகுதியாகவும் உள்ள, ஊர்களுக்கிடைப்பட்ட நெடுவீதிகளிலே, போதிய அகலமிருப்பின், பகிர்வதிலே தவறில்லை. கடைத்தெருவிலே ஏனையோர் இறங்கி உருட்டிச் செல்லட்டும். உருட்டிச் செல்பவர் சட்டத்தின் கண்ணிலும் பாதசாரியே. யப்பானியச் சட்டம் அவ்வாறே கொள்கின்றது. வீதிக்கடவையிலே சைக்கிளை உருட்டிச் சென்றவர் பற்றிய வழக்கொன்றிலே இங்கிலாந்து நீதிமன்றமும் 1980 இல் அவ்வாறே கொண்டது.

மாணவியின் அச்சத்துக்கு இவை போதிய விடையல்ல. அவளுக்கு வேண்டியது வீதியிலேயே ஓர் இடம். அகலிக்கப்பட்ட வீதிகளில் அதற்கு இடமில்லை என்று கூறுவோர், அவ்வீதிகளின் ஓரத்திலே காலை முதல் மாலைவரை அசையாது நிற்கும் கார்களையும் வான்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். நிறுத்தப்பட்ட கார் ஒன்று ஏறத்தாழ 2 மீற்றர் அகலத்தைத் தனதாக்கிக்கொள்கின்றது. அவ்வகலத்தினுள்ளே துவிச்சக்கரவண்டி ஒன்று தாராளமாகச் செல்லும். பாடசாலை தொடங்கும் வேளையிலும் கலையும் வேளையிலுமாவது அவ்வோரத்திலே வாகனம் நிறுத்துவதை விலக்கிச் சைக்கிளுக்கு ஒதுக்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வெள்ளைப் பூச்சும், வாகன உரிமையாளரின் முறைப்பாட்டைக் கேட்டுச் சகித்துக்கொள்ளும் சபை உறுப்பினருமே வேண்டும். யாழ்ப்பாண நகரிலே பாடசாலைகள் நெருங்கியுள்ள வேம்படி வீதியையும் அதனை அண்டிய வீதிகளையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். பலாலி வீதியை அதன்பின் எடுத்துக்கொள்ளலாம்.